முன்னறிவிப்பில்லாத சோதனை

மார்ச் 3, ஞாயிறு

கோயமுத்தூர் டாக்டர் மதிவாணன் எங்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு ஒரு தாள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வலி பத்துக்கு எத்தனை என்று அவர் அதில் எழுத வேண்டும். எனக்கு இந்த நோட்டு. "அவர் சொல்றத எழுதாதீங்கம்மா, நீங்க கண்ணால பாக்கறத மட்டும் எழுதுங்க" என்றார் டாக்டர். இதை எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக என் பிழைப்பே அதுதான். நான் முத்திரை ஆய்வாளர். கடைகளுக்குச் சொல்லாமல் போய் நின்று, தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பவள். ஈரோட்டில் ஆபீஸ், பெருந்துறையில் வீடு.

வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் கம்பத்திலிருந்து சறுக்கி விழுந்தார். முதுகில் இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. எலும்பு கூடிவிட்டது, படம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஆனால் இடுப்பிலிருந்து இடது காலின் கட்டைவிரல் வரைக்கும் நெருப்பு வைத்தமாதிரி எரிகிறது என்று இவர் சொல்வது மட்டும் நிற்கவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

எந்த டாக்டர் கேட்டாலும் "எட்டுங்க" என்பார். நானும் எட்டு வருஷமாகக் கேட்கிறேன், ஒரு நாளும் ஏழு இல்லை, ஒரு நாளும் ஒன்பது இல்லை. எந்தத் தராசாவது எதை வைத்தாலும் எட்டு காட்டினால் நான் என்ன செய்வேன்? முத்திரை போடமாட்டேன்.

நாளைக்கு அவர் முதுகில் தண்டுவடத்தை ஒட்டி இரண்டு மெல்லிய கம்பிகளை விடப்போகிறார்கள். வெளியே இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து போகும் மின்சாரம், வலி மூளைக்குப் போகும் வழியிலேயே அதை அமுக்கிவிடுமாம். ஒரு வாரம் வெள்ளோட்டம். வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தால்தான் பெட்டியை நிரந்தரமாகத் தோலுக்குள் வைப்பார்கள். இல்லாவிட்டால் கம்பியை உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதற்குமேல் வேறு வைத்தியம் கிடையாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மார்ச் 4, திங்கள்

முடிந்தது. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, படம் பார்த்துக்கொண்டே கம்பியை ஏற்றினார்கள். பெட்டிக் கம்பெனியிலிருந்து ஷெரின் என்று ஒரு பெண் வந்திருந்தது. குனியக் கூடாது, திரும்பக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, குளிக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னது.

"கரண்டு போறது தெரியுங்களா?" என்று கேட்டார் இவர்.

"இந்த வகையில ஒண்ணுமே தெரியாது சார்."

"முப்பது வருசம் கரண்டோட கெடந்தவன். இப்ப அது எனக்குள்ள போகுது, எனக்கே தெரியாதாமா" என்று சிரித்தார். ஷெரினும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டியை ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிவிட்டார்கள். அதை இயக்கும் ரிமோட்டை, சாருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்று என் கையில் கொடுத்தார்கள். அது என் கைப்பையில் இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

கண்ணால் பார்த்தது: காலையில் தானாக எழுந்தார். கட்டிலின் விளிம்பைப் பிடிக்கவில்லை. பால் காய்ச்சினார். முனையிலிருக்கும் பேக்கரிவரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு, நின்று பேசிவிட்டு வந்தார். தாளில் மூன்று என்று எழுதியிருக்கிறார்.

"கோதை, கால் இருக்கறதே தெரீல" என்றார். கண் கலங்கியிருந்தது.

நல்லதுதானே என்று சொன்னேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பொய். எட்டு வருஷமாக நகராத வலி ஒரே ராத்திரியில் ஓடிவிடுமா என்றுதான் தோன்றியது. இருந்தால்தானே ஓடுவதற்கு.

சிந்துவுக்குப் பெங்களூருக்குப் போன் போட்டார். மகளிடம் அவர் நீளமாகப் பேச, அந்தப் பக்கம் "சரிங்கப்பா, வெச்சரட்டுங்களா" என்றது. அவளுக்கும் வேலை இருக்குமல்லவா.

மார்ச் 6, புதன்

தாளில் இரண்டு, இரண்டு, இரண்டு. ராத்திரி முழுக்கத் தூங்கினார். சந்தைக்கு வருகிறேன் என்று கிளம்பி, என்னோடு நடந்து, கத்தரிக்காய் பொறுக்கினார். கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் எடைக்கல்லை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்கள். எப்போதும் நடப்பதுதான்.

நான் ஒன்றை எழுதிவிட வேண்டும், மனசுக்குள் நாலு வருஷமாக அரித்துக்கொண்டிருக்கிறது. என் அப்பாவின் கருமாதிக்கு இவர் வரவில்லை. கார்ல உட்கார முடியாது அம்மிணி, எட்டு, என்றார். ஒற்றை மருமகன் இல்லாமல் சபையில் நான் கூனிக் குறுகி நின்றேன். கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு வசந்தாமணி சொல்கிறாள், அண்ணன் எங்கள் வீட்டு ஏணியில் ஏறி வயர் இழுத்துக் கொடுத்தார் என்று. அதுவும் கருமாதி அன்றைக்கே. நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. அன்றைக்கே என் தீர்ப்பை எழுதிவிட்டேன்: நடிக்கிறார். ஆபீசில் நெருங்கியவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சிந்துவிடமும் சொல்லியிருக்கிறேன். மகளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

இப்போது பெட்டி கட்டியதும் கத்தரிக்காய் பொறுக்குகிறார்.

மார்ச் 7, வியாழன்

காலை ஆறு இருபதுக்கு ரிமோட்டை எடுத்துப் பெட்டியை அணைத்துவிட்டேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் விளக்கு துணிப்பைக்குள் இருக்கிறது, தெரியாது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. கடைக்காரனிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டா தராசைச் சோதிப்போம்? பெட்டி அணைந்தது தெரியாமல் இருக்கும்போது என்ன எண் சொல்கிறார் என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. டாக்டருக்கே உதவிதான் இது.

ஆபீஸ் போய்விட்டு ஐந்தரைக்கு வந்தேன். தாளைப் பார்த்தேன். மதியம் மூன்று. மாலை மூன்று.

பெட்டி பதினோரு மணி நேரமாகச் செத்துக் கிடக்கிறது, இவர் மூன்று என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. எட்டு வருஷம்! எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை லீவு, எத்தனை விசேஷத்தில் நான் மட்டும் தனியாகப் போய் நின்றேன். பிடித்துவிட்டேன் என்ற திருப்தியும் இருந்தது, மறைக்கவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று இன்னொரு நாளும் அணைத்தே வைக்க முடிவு செய்தேன்.

கண்ணால் பார்த்தது: டீக்கு பேக்கரி போகவில்லை, வெயில் அதிகம் என்றார். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு. மேலுதட்டில் வேர்வை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டதற்கு "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

மார்ச் 8, வெள்ளி

ஆபீசில் மகளிர் தினம். எல்லோருக்கும் ரோஜாப்பூ, கேக். எங்கள் உதவி ஆணையர் மைக்கைப் பிடித்து, பூங்கோதை மேடம் மாதிரி நேர்மையான ஆளை நம் ஜில்லா பார்த்ததில்லை, அவர் கண்ணில் எந்தப் பொய்யும் தப்பாது என்றார். கை தட்டினார்கள். மதியத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று விட்டுவிட்டார்கள்.

சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். வேண்டுமென்றேதான் அப்படித் திறந்தேன்.

கூடத்தில் அவர் நாலு காலில் இருந்தார். இரண்டு கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டு, வாயில் துண்டை அடைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். யாருமே இல்லாத வீடு. சத்தம் யாருக்குக் கேட்கக் கூடாது என்று துண்டு? எச்சில் தரையில் ஒழுகியிருந்தது. இடது கால் தனியாக நடுங்கியது. நான் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கும் தெரியவில்லை.

யாரும் பார்க்காத இடத்தில் ஒருவரும் நடிக்கமாட்டார்கள்.

தாள் மேசைமேல் இருந்தது. இன்று காலை மூன்று, மதியம் மூன்று, மாலை மூன்று. மணி அப்போது மூன்றுகூட ஆகவில்லை. அதற்கடுத்து சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களிலும் மூன்று, மூன்று, மூன்று. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே மூச்சில் எழுதியது. பொய்ப் பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இல்லாத வலியை இருப்பதாக எழுதுவார் என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன். இது தலைகீழாக இருந்தது.

கைப்பைக்குள் கையை விட்டு ரிமோட்டைத் தேடி, பெட்டியை ஓடவிட்டேன். இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். பிறகு கதவைச் சத்தமாகச் சாத்தினேன்.

துண்டை எடுத்துவிட்டு, "ஏன் அம்மிணி, நேரத்துலயே வந்துட்டே" என்றார்.

"எதுக்குங்க மூணுன்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

துண்டை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "நேத்து மத்தியானத்துலருந்து மிசினு வேல செய்யறதில்ல போலருக்குது. சொன்னா உருவிப் போட்டுருவாங்க. எப்பிடியாச்சும் உள்ள வெச்சுட்டாங்கன்னா பொறவு செரியாயிரும்னு நெனச்சேன். ரெண்டு நாளு நல்லா இருந்துச்சு கோதை. ரெண்டு நாளு எப்பிடி இருந்துச்சுன்னு உனக்குச் சொல்லத் தெரீல" என்றார்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "சுடுதண்ணி வெக்கட்டுங்களா" என்று கேட்டேன்.

மார்ச் 9, சனி

காலை பத்து மணிவாக்கில் வலி இறங்கிவிட்டது. "கோதை, மிசினு மறுபடி வேல செய்யுது!" என்று சமையலறை வாசலில் வந்து நின்றார். அப்படியா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொத்தமல்லி ஆய்ந்தேன். பெட்டிக்கு நன்றி சொல்லித் துணிப்பையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

வசந்தாமணி மோர் கொண்டுவந்தாள். அவர் நடப்பதைப் பார்த்து, "அண்ணனுக்கு இப்பவாச்சும் நல்ல காலம் வந்துச்சே" என்றாள். அன்றைக்கு ஏணியில் ஏறினாரே என்று நானாகவே கேட்டேன்.

"ஆமாங்க்கா. எங்கூட்டு வயரு அறுந்து வாசல்ல தொங்குச்சு, கரண்டோட. புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர நேரம். வாரியத்துக்குப் போன் போட்டா எடுக்கல. அண்ணன் பாத்துட்டு ஓடியாந்து ஏறிட்டாரு. எறங்குனவரு எந்திரிக்கவே இல்லீங்க்கா. மூணு நாளு எங்கூட்டுத் தரையிலதான் கெடந்தாரு. எங்கூட்டுக்காரருதான் கஞ்சி ஊத்துனாரு. அக்காகிட்டச் சொல்லாதீங்க, அப்பன் செத்த வீட்ல அழுதுட்டிருக்கும்னாரு."

"நீ எங்கிட்ட ஏணியில ஏறுனாருன்னு மட்டும்தானே சொன்னே?"

"அத்தச் சொன்னதுமே மூஞ்சியத் திருப்பிட்டு உள்ள போயிட்டீங்களே. மிச்சத்த நீங்க கேக்கவே இல்லியே."

அவள் போன பிறகு குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒளிப்பதில் நானும் அவருக்குக் குறைந்தவள் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

நாளைக்கு ஆஸ்பத்திரி. சொல்லவில்லை. தாளில் எல்லாம் இரண்டும் மூன்றும்தான், டாக்டர் சம்மதித்துவிடுவார், பெட்டி உள்ளே போய்விடும், அவருக்கு நல்லதுதானே நடக்கப்போகிறது, எதற்கு இப்போது கிளற வேண்டும்? பெட்டிக்கு வாயா இருக்கிறது?

மார்ச் 11, திங்கள்

பெட்டிக்கு வாய் இருக்கிறது.

ஷெரின் அதை ஒரு கையடக்கத் திரையோடு இணைத்தது. பார்த்துக்கொண்டே இருந்தது, பிறகு டாக்டரிடம் திரையைத் திருப்பியது. வியாழன் காலை ஆறு இருபதிலிருந்து வெள்ளி மதியம் இரண்டு ஐம்பது வரைக்கும் பெட்டி அணைந்திருக்கிறது. முப்பத்திரண்டரை மணி நேரம். நிமிஷம் தவறாமல் அதில் பதிந்திருந்தது.

டாக்டர் தாளை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு நாளும் மூணுன்னு போட்டிருக்கீங்க, நாச்சிமுத்து. கருவி ஓடல, ஆனா வலியும் வரல. அப்ப முதல் ரெண்டு நாள் கொறஞ்சதும் இதனாலதான்னு நான் எப்படிச் சொல்றது? மனசோட நம்பிக்கையில கொறஞ்சிருக்கலாம். அதுக்காக முதுகைத் திறந்து நிரந்தரமா ஒண்ணை உள்ள வைக்க என்னால முடியாது."

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. "கை பட்டு அணைஞ்சிருக்குமுங்க டாக்டர். நான்தான் கவனிக்காம உட்டுட்டேன்" என்றார். ரிமோட் என் கைப்பையில்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அங்கே திரையைப் பார்த்த நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எனக்காகப் பொய் சொல்கிறார்.

"கவனிக்காதவங்களுக்கு இந்த வைத்தியமே ஒத்துவராது" என்றார் டாக்டர். கம்பியை உருவுவதற்கு நர்ஸைக் கூப்பிட்டார். இவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறந்தேன். "கை படல டாக்டர். நான் அணைச்சேன். அவருக்குத் தெரியாம."

"ஏன்?"

இந்த நோட்டைத்தான் எடுத்து நீட்டினேன். டாக்டர் வாங்கவில்லை, "நீங்களே படிங்க" என்றார். வியாழக்கிழமையிலிருந்து படிக்கப் பார்த்தேன். முதலிலிருந்தே படிங்கம்மா என்றார். எந்தத் தராசாவது எட்டு காட்டினால் என்ற இடத்தைப் படித்தேன். நடிக்கிறார் என்று எழுதியதைப் படித்தேன். பிடித்துவிட்டேன் என்ற திருப்தியையும் படித்தேன். நர்ஸ் கையுறை போட்டபடி நின்றாள், ஷெரின் தரையைப் பார்த்தது. இவர் பாதி கழற்றிய சட்டையோடு குனிந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ கடைக்காரர்களைத் தெருவே பார்க்க நிற்கவைத்துக் குற்றத்தைப் படித்திருக்கிறேன். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. துண்டு வருமிடத்தில் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டேன். அதற்குமேல் டாக்டரே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

"தாள்ல இருக்கிற மூணு பொய்யா?" என்று இவரைக் கேட்டார்.

"ஆமாங்க."

"அந்த ரெண்டு நாள் உண்மையில எத்தனை?"

"பத்துங்க."

"முன்னால எப்பவும் எட்டுன்னுதானே சொல்லுவீங்க?"

இவர் கட்டைவிரலைப் பார்த்தபடி சொன்னார். "அப்பவும் பத்துதானுங்க. பத்துன்னா ஊட்ல நம்பமாட்டாங்கன்னு ரெண்டு கொறச்சுச் சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு."

டாக்டர் நெடுநேரம் எழுதினார். அணைந்தது தெரியாமலே வலி திரும்பி வந்திருக்கிறது, ஓடவிட்டதும் இறங்கியிருக்கிறது, தனக்குத் தேவையான சாட்சி இதுதான் என்றார். இரண்டு வாரம் கழித்து நிரந்தரமாக வைக்கத் தேதி கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நோயாளியிடம் தெரிவிக்காமல் இனி எதையும் தொடக் கூடாது என்று ஷெரின்தான் மெதுவாகச் சொன்னது. தலையாட்டினேன்.

காரில் அவினாசி தாண்டியதும் அவர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"சிந்துகிட்ட நீயே சொல்லிரு. நாஞ் சொன்னா அவ நம்பமாட்டா."

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். அவரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். அப்பாவுக்கு வலி இருந்தது நிஜம், எட்டு வருஷமும் நிஜம் என்றேன். ஏணி, துண்டு, ரிமோட் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீதானேம்மா சொன்ன?" என்றாள். "அப்பா நடிக்கறாருன்னு நீதானேம்மா சொன்ன? அதனாலதான நான் பொங்கலுக்குக்கூட வரல. அவரு போன் பண்ணுனா எடுக்காம உட்டிருக்கேன்."

"ஆமா சாமி. நாந்தான் சொன்னேன். பாக்காம சொன்னேன்."

"அப்பாகிட்டக் குடு."

கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் அழுகிற சத்தமும், "பரவால்ல சாமி, பரவால்ல, அதனால என்ன" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதும் வாசல்வரை கேட்டது. அந்த வார்த்தையை அவர் என்னிடம் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.